துவக்கும் தீமூட்டியும்: வாழைச்சேனைப் புலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கிழக்கிலங்கையின் ஊர்ப்பெயர்களைக் கூர்ந்து நோக்குவோர்க்குச் 'சேனை' என முடியும் பெயர்கள் பல எதிர்ப்படும். மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, கடலும் வாவியும் காடும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் இடத்தில் அமைந்தது வாழைச்சேனை. தெற்கே அட்டாளைச்சேனை உண்டு. காட்டை வெட்டி எரித்துச் சில போகம் பயிரிட்டுப் பின் கைவிடும் நிலமே சேனை. அட்டாளை என்பது உயரத்தில் அமைத்த பரணைக் குறிக்கும். இவ்விரு சொற்களும் இணைந்து ஓர் ஊர்ப்பெயராக நிலைத்திருப்பது தற்செயலன்று. காட்டை வெட்டியவன் அக்காட்டின் விலங்குகளிடமிருந்து தன் விளைச்சலைக் காக்க இரவெல்லாம் பரணில் விழித்திருக்க வேண்டியவனானான் என்பதற்கு இப்பெயர்களே சான்று பகர்கின்றன.

அப்பரணில் ஒருகாலத்தில் கவணும் தீப்பந்தமும் இருந்தன. பின்னர் துவக்கு வந்து சேர்ந்தது. மட்டக்களப்புப் பேச்சுவழக்கில் சுடுதல் என்பதைவிட 'வெடி வைத்தல்' என்பதே இயல்பான தொடராகும். வேட்டையில் வல்லவன் 'வெடிகாரன்' எனப்படுவான். வாய்வழியே மருந்திட்டு இடித்து நிரப்பப்படுவதை 'இடியன்' என்றும், விலங்கின் தடத்தில் ஆளின்றிக் கட்டிவைக்கப்படுவதைக் 'கட்டுத்துவக்கு' என்றும் வழங்குவர். ஒரு கருவிக்கு ஒரு சமூகத்தின் பேச்சில் இத்தனை சொற்கள் வேரூன்ற வேண்டுமாயின், அது போர்க்களத்துப் பொருளாக மட்டும் இருந்திருத்தல் இயலாது. மண்வெட்டியையும் கத்தியையும் போல வேளாண்மைக் கருவிகளுள் ஒன்றாகவே அது இங்குப் புழங்கியது. ஆயினும் நம் வரலாற்று நூல்கள் துவக்கைக் கோட்டைகளோடும் படையெடுப்புகளோடும் மட்டுமே சேர்த்துப் பேசுகின்றன. அதிலும் குழலும் குண்டும் பெறும் கவனத்தின் ஒரு சிறு பங்கினைத்தானும், மருந்தில் தீயை மூட்டும் உறுப்புப் பெறுவதில்லை. உண்மையில் துவக்கின் வரலாற்றைத் திசைதிருப்பியது அவ்வுறுப்பேயாகும். விரல்நுனியில் மறையக்கூடிய ஒரு செப்புமூடி, துவக்கைக் கொல்லனின் பட்டறையிலிருந்து பிரித்து ஆலைக்கும், ஆலையின் வழியே அரசின் அனுமதிச்சீட்டுக்கும் உரியதாக்கிவிட்டது.

துவக்கு எனும் சொல்லே கடல் கடந்து வந்தது. துருக்கிய மொழியின் 'துபெக்' என்பதே பாரசீகத்தினூடாகத் தமிழில் துப்பாக்கி என்றும் துவக்கு என்றும் ஆயிற்று என்பர். சிங்களத்தின் 'துவக்குவ' என்பதும் இச்சொல்லின் உறவே. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தபோது அவர்தம் துவக்கொலி இடியினும் பெரிதாகக் கேட்டது என இராசாவலிய எனும் சிங்கள நூல் வியப்போடு குறித்துச் செல்கின்றது. அவ்வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. இத்தீவின் கொல்லர் சில தலைமுறைக்குள் அக்கருவியைத் தாமே செய்யக் கற்றனர்; அத்திறத்தைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியரே மெச்சினர். ஐரோப்பியத் துவக்குகளில் தீமூட்டும் பொறி வலப்பக்கத்தில் அமைய, இங்குச் செய்யப்பட்ட பலவற்றில் அது இடப்பக்கத்தில் அமைந்தது. கற்றுக்கொண்டவர் அப்படியே படியெடுக்கவில்லை என்பதற்கு இதுவொன்றே போதும்.

கிழக்குக் கரையும் இம்மாற்றத்திற்குப் புறம்பாக இருக்கவில்லை. 1602இல் ஒல்லாந்தரான யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் இறங்கினார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை எழுப்பினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனோடு கூடி அதனைக் கைப்பற்றினர். சிங்களத்தில் தோட்டாவைக் குறிக்கும் 'பதரொம' என்ற சொல் ஒல்லாந்த மொழியின் 'பத்ரூன்' என்பதிலிருந்து பெறப்பட்டது. கோட்டை கைமாறிய கதை ஏடுகளில் இருக்க, அதனூடு கைமாறிய தொழில்நுட்பத்தின் சுவடு இவ்வாறு சொற்களில் தங்கியிருக்கின்றது.

அக்காலத் துவக்கிற்கு வேண்டியவை எவை? இரும்பு இத்தீவிலேயே உருக்கப்பட்டது. கரிக்கு மரம் காட்டில் இருந்தது. வெடியுப்பு, வௌவால் அடைந்த மலைக்குகைகளின் மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கப்பட்டது. 1821இல் இலங்கையின் உள்நாடு பற்றி நூல் எழுதிய மருத்துவர் ஜோன் டேவி இத்தகைய வெடியுப்புக் குகைகளை நேரிற் கண்டு விவரித்துள்ளார். கந்தகமும் ஈயமும் வணிகர்வழி வந்தன. தீயை மூட்டுவதற்கோ திரித்துவக்கில் கனன்றுகொண்டிருக்கும் ஒரு கயிற்றுத் திரி போதும். பின்வந்த கல்துவக்கில் உருக்கோடு உராயும் ஒரு சக்கிமுக்கிக் கல் போதும். சுருங்கக்கூறின், திறமையுள்ள கொல்லனும் காட்டை அறிந்த வெடிகாரனும் இருந்தால் துவக்கு இயங்கியது.

இதனினும் எளிய தன்னிறைவு ஒன்று அதே கிழக்குக் காடுகளில் நிலவியது. 1660இல் கொட்டியாரக் குடாவில் கண்டியரசனின் ஆட்களால் சிறைப்பிடிக்கப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலில் வேடரைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். அம்புமுனை வேண்டிய வேடர் இரவில் கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய முனையின் வடிவில் ஓர் இலையை வெட்டி வைத்துச் செல்வராம். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால் மீண்டும் இறைச்சி வரும். வாகரை, பனிச்சங்கேணிப் பக்கங்களில் இன்றும் தம்மை வேடர் வழியினர் எனக் கூறிக்கொள்வோர் வாழும் நிலையில், நொக்ஸ் தரும் இக்குறிப்பு இப்புலத்திற்குத் தொலைவானதன்று. இரும்பும் இலையும் போதியனவாயிருந்த ஓர் உறவு அது. எழுத்தும் சீட்டும் அதில் இடம்பெறவில்லை.

திரிக்கும் கல்லுக்கும் ஒரு பெருங்குறை உண்டு. மழை அவற்றை வென்றுவிடும். வாழைச்சேனைக்கு மழையைக் கொணர்வது வடகீழ்ப் பருவக்காற்று. வேளாண்மை தலையெடுத்து நிற்கும் மார்கழி, தைத் திங்கள்களே காவல் மிக வேண்டிய காலமுமாகும். திறந்த கிண்ணியில் கொட்டப்பட்ட மருந்து அக்காற்றில் நனைந்துவிட்டால், பன்றி வயலில் நிற்க வெடிகாரன் பரணில் வெறுங்கையனாவான். மற்றொரு குறையும் உண்டு. கல்லின் பொறி கிண்ணி மருந்தைப் பற்றி, அது குழலினுள் உள்ள மருந்தைப் பற்றுவதற்கிடையே ஒரு கணம் கழியும். அக்கணத்தில் வெளித்தெரியும் சுடரைக் கண்டு விலங்கு விலகிவிடும்.

இந்தக் கணத்தை ஒழிக்க முற்பட்டவர் படைத்தலைவரல்லர், ஒரு சமயகுருவாவார். ஸ்கொத்லாந்தின் பெல்ஹெல்வி எனும் சிற்றூரின் குரு அலெக்சாந்தர் போர்சைத் நீர்ப்பறவை வேட்டையில் நாட்டமுடையவர். சுடரைக் கண்ட பறவைகள் குண்டு வருமுன் நீரில் மூழ்கிவிடுவது அவரை வருத்தியது. 1800இல் எட்வேட் ஹவாட் எனும் இரசாயன அறிஞர், அடிபட்ட மாத்திரத்தே வெடிக்கும் பாதரச உப்பொன்றைப் பற்றி லண்டன் வேத்தியற் கழகத்திற்கு அறிவித்திருந்தார். அத்தகைய பொருளைப் பொறியின் அடிக்குக் கீழே வைத்தால் சுடரே வெளித்தெரியாது தீ மூளும் எனக் கண்ட போர்சைத் 1807இல் அதற்கு உரிமைப்பட்டயம் பெற்றார். லண்டன் கோபுரத்தில் அரசின் ஆதரவோடு ஆய்வு செய்ய அவருக்கு இடமளிக்கப்பட்டிருந்தது. பொறுப்பதிகாரி மாறியதும் அவர் வெளியேற்றப்பட்டார். அலுவலகம் மாறினால் அறிவும் மாறிவிடும் என்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நியதியன்று போலும். வாவியில் தாரா சுடுவோர் எவர்க்கும் விளங்கக்கூடிய ஒரு சிறு எரிச்சலே உலகின் படைகள் யாவற்றையும் மாற்றியமைத்தது.

அவ்வெடிபொருளை மெல்லிய செப்புத்தகட்டாலான சிறு மூடியில் அடக்கி, குழலின் அடியில் துளையுள்ள ஒரு முளைமீது கவிழ்க்கும் முறை 1820களில் பரவியது. 1834இல் வூலிச்சில் நடந்த சோதனையில் 6000 வெடிகளுக்குக் கல்துவக்கு 922 முறை பிழைத்தது. மூடித்துவக்கு 36 முறையே பிழைத்தது. இதன்பின் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. 1840களில் பிரித்தானியப் படை புதுமுறைக்கு மாறியது. அதே காலப்பகுதியில் இலங்கையில் வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிறிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்பார் செய்தளித்த 21 இறாத்தல் எடையுள்ள துவக்கைச் சுமந்து கீழைக் காடுகளில் யானைகளைச் சுட்டு வீழ்த்தினார். 1850களில் வெளிவந்த அவர்தம் நூல்களை இன்று வாசிப்போர், வீழ்ந்த யானைகளின் தொகையைக் கண்டு அவர் வீரத்தை மெச்சுவதிலும் அக்கருவியின் நம்பகத்தன்மையை எண்ணி அஞ்சுவதே பொருந்தும்.

இங்கேதான் பெருந்திருப்பம் நிகழ்ந்தது. கல்துவக்கை மூடித்துவக்காக மாற்றுவது உள்ளூர்க் கொல்லனுக்குக் கடினமன்று. முளையைக் கடைந்து குழலில் பொருத்தவும், கல்லைப் பற்றிய குதிரையை அகற்றிச் சுத்தியல் போன்ற குதிரையை அமைக்கவும் அவனால் முடிந்தது. மூடியை மட்டும் அவனால் செய்ய முடியவில்லை. ஒரே சீரான செப்புத்தகடும், அதனை ஒரே அளவில் வார்க்கும் அச்சும், இரசாயனசாலையும் அதற்கு வேண்டும். இவ்வாறு, கடையில் எண்ணி வாங்கவேண்டிய ஒரு பொருள் முதன்முறையாகத் துவக்கினுள் புகுந்தது. மருந்தை இடித்துக்கொள்ளலாம், குண்டை வார்த்துக்கொள்ளலாம், மூடி தீர்ந்தால் துவக்கு வெறும் இரும்பே.

அடுத்த மாற்றம் மூடியையும் மருந்தையும் குண்டையும் ஓருடலாக்கியது. தோட்டாவின் ஆங்கிலப் பெயர் காகிதத்தைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழிவந்தது. முதலில் அது மருந்தும் குண்டும் சுற்றிய காகிதப்பொதியே. 1857இல் வட இந்தியச் சிப்பாய்களைக் கொதித்தெழச் செய்தது கொழுப்புப் பூசிய அத்தகைய காகிதப்பொதிதான். பின்னர் பித்தளை அடியின் நடுவே தீமூட்டி பொருத்தப்பட்ட தோட்டா உருவாயிற்று. ஆங்கிலேயரான எட்வேட் பொக்சரும் அமெரிக்கரான ஹைரம் பேர்டனும் 1866ஆம் ஆண்டிலேயே இருவேறு அமைப்புகளுக்கு உரிமை பெற்றனர். வெடிமருந்து நசுங்குவதற்கு ஒரு பட்டடை வேண்டுமல்லவா? பொக்சரின் அமைப்பில் அப்பட்டடை தீமூட்டிக் கிண்ணத்தினுள்ளேயே இருக்கும். தோட்டாவின் அடியில் நடுவே ஒரு துளையிருக்கும். பேர்டனின் அமைப்பில் பட்டடை தோட்டாவின் அடியோடு ஒட்டியது. துளைகள் பக்கத்தில் அமையும். காலப்போக்கில் ஆங்கிலேயரின் அமைப்பு அமெரிக்காவிலும், அமெரிக்கரின் அமைப்பு ஐரோப்பாவிலும் நிலைபெற்றமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

இவ்வேறுபாடு நுணுக்கமானதாயினும் விளைவு பெரிது. நடுத்துளையின் வழியே ஓர் ஊசியைச் செலுத்தினால் எரிந்துபோன பொக்சர் தீமூட்டி எளிதில் வெளியேறும். அவ்விடத்தில் புதியதை அமர்த்தி, பித்தளைக் கூட்டை மீண்டும் பயன்படுத்தலாம். இந்த வாய்ப்பே தோட்டா மீள்நிரப்பும் தொழிலுக்கு வித்தாயிற்று. 1884இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜோன் பார்லோ என்பவர் தொடங்கிய ஐடியல் நிறுவனம் இதற்கான கைக்கருவிகளைப் பெருமளவில் விற்றது. இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில், மேசையில் பொருத்தி நெம்புகோலால் இயக்கும் ஒற்றைநிலை அழுத்தப்பொறி அமெரிக்க வேட்டைக்காரர் வீடுகளில் பரவலாயிற்று. ஒரு வேளையில் ஒரு தோட்டாவுக்கு ஒரு வேலையை மட்டும் செய்வதால் அதற்கு ஒற்றைநிலை எனும் பெயர்.

அப்பொறியின் வேலைகளுள் தீமூட்டியை அமர்த்துவது சற்று நின்று நோக்கத்தக்கது. தோட்டாவின் அடி பொறியின் பிடியில் நிற்க, சிறு கை ஒன்று தீமூட்டியைத் தாங்கி வரும். நெம்புகோல் அசைய, 4.4 அல்லது 5.3 மில்லிமீற்றர் விட்டமுள்ள அக்கிண்ணம் தனக்குரிய குழியினுள் புகும். கிண்ணத்தின் உள்ளிருக்கும் பட்டடையின் கால்கள் குழியின் தரையைத் தொடவேண்டும். கிண்ணத்தின் புறமோ தோட்டா அடியின் மட்டத்துக்கு மயிரிழை கீழே நிற்கவேண்டும். மேலே துருத்தினால் இரு கேடுகள் உண்டு. துவக்கின் அடைப்பான் மூடும்போதே அடிபட்டு வேளையின்றி வெடிக்கலாம். அல்லது குதிரையின் அடி, தீயை மூட்டுவதற்குப் பதிலாகக் கிண்ணத்தைக் குழியினுள் தள்ளுவதிலேயே செலவாகி, வெடி பொய்க்கலாம். இரண்டாம் அடிக்கே அது தீப்பற்றும். அளவு மீறி நசுக்கினாலோ உள்ளிருக்கும் மருந்துக்கட்டி நொறுங்கும். இதனை அறிய அளவுகோல் வேண்டுவதில்லை. நெம்புகோலில் கை உணரும் தடையும், தோட்டாவின் அடியைத் தடவிப் பார்க்கும் விரலுமே போதும். வேகமாக இயங்கும் பன்னிலைப் பொறிகள் வந்த பின்னும் சிலர் ஒற்றைநிலைப் பொறியைக் கைவிடாமைக்கு இக்கையுணர்வே காரணமாகும். நோக்கினால், இது புதிய அறிவன்று. முளையில் இறுக அமராத செப்புமூடி முதல் அடியில் பொய்த்து இரண்டாம் அடியில் வெடித்ததை இடியன் துவக்குக்காரரும் அறிந்திருந்தனர். பொறி மாறிற்று, பிழை மாறவில்லை.

கடலோரப் பகுதிகளுக்கு இன்னுமொரு தொல்லை இருந்தது. பழைய தீமூட்டிகளிற் சேர்க்கப்பட்ட பொட்டாசியம் குளோரேற்று எரிந்தபின் உப்பாகிக் குழலினுள் படியும்; அவ்வுப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருவாக்கும். உவர்க்காற்று வீசும் கல்குடா, வாழைச்சேனைப் பகுதிகளில் வெடி வைத்த துவக்கை அன்றே கழுவித் துடைக்காவிடில் விளைவு எதுவாகும் எனச் சொல்லவேண்டியதில்லை. 1920களில் ஜெர்மனியில் துருப்பிடிக்கச் செய்யாத கலவை உருவாக்கப்பட்டபின்பே இத்தொல்லை படிப்படியாகக் குறைந்தது. காகிதத்தாலான தோட்டாக்கூடும் ஈரத்தில் ஊதிக் குழலில் சிக்கும். 1960களில் பிளாஸ்ரிக் கூடு வந்து அதனை நீக்கியது. 1950களில் இவ்வூரில் காகித ஆலை எழுந்து ஊரின் பெயரை நாடறியச் செய்தமையை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. ஆயின் அவ்வாலையின் தாள் பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்குமே உரியதாயிருந்தது.

தீமூட்டியைத் தானே செய்ய இயலாத வேளாளன் இனி எதனை நம்பினான்? கடையையும் கச்சேரியையும். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் துவக்கு வைத்திருத்தலையும் செய்தலையும் திருத்துதலையும் விற்றலையும் அனுமதிக்கு உட்படுத்தியது. அது நாட்டையுலுக்கிய 1915ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டு என்பது மனங்கொள்ளத்தக்கது. பழைய கட்டமைப்பில், கொல்லனின் பட்டறையில் செய்த துவக்கை அரசன் எண்ணிக் கணக்கிடுவது அரிது. ஆலைத் தோட்டாவாயின், துறைமுகத்திலேயே எண்ணிவிடலாம். 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டமும், 1956இல் வெடிபொருட் சட்டமும் தொடர்ந்தன. இவற்றுள் எதனையும் வேண்டாததெனத் தள்ளுதல் நேர்மையாகாது. பேக்கரின் நூல்களை வாசித்தோர் வனவிலங்குச் சட்டத்தின் தேவையை மறுக்கமாட்டார்கள். எனினும் ஒரே சட்டம் பரணில் இருப்பவனுக்கும் பங்களாவில் இருப்பவனுக்கும் ஒரே விதமாகப் பொருந்திற்று எனக் கொள்ளவும் இடமில்லை.

இதற்குப் புனானை ஓர் எடுத்துக்காட்டு. வாழைச்சேனைக்கு மேற்கே, காட்டினூடு செல்லும் பாதையில் அமைந்த அச்சிற்றிடத்தில் 1920களின் முற்பகுதியில் ஒரு சிறுத்தை மனிதரைக் கொன்று தின்னத் தலைப்பட்டது. குறைந்தது 12 பேர் அதற்கு இரையாயினர் என்பர். 1924இல் ஷெல்டன் ஏகர் எனும் கப்டன் மரத்தில் காத்திருந்து அதனைச் சுட்டார். பாடம்செய்யப்பட்ட சிறுத்தை கொழும்பு நூதனசாலையில் இடம்பெற்றது. சுட்டவரின் பெயரும் நிலைத்தது. இரையான ஏழைகளின் பெயர்களை அவ்வளவு எளிதில் எவரும் சொல்லிவிட முடியாது. காட்டோடு நாளும் வாழ்ந்தவர்கள் உள்ள இடத்தில், விலங்கைக் கொல்லும் வேலைக்கு வழிப்போக்கரான ஒரு வெள்ளையர் வேண்டியிருந்தமை, அக்காலத்தில் நல்ல துவக்கும் நல்ல தோட்டாவும் எவர் கையில் இருந்தன என்பதைக் காட்டாமற் காட்டுகின்றது.

தோட்டா கிட்டாத இடத்தில் இடியன் மறையவில்லை. அது காட்டுக்குள் ஒளிந்தது. அதனினும் கொடிய கட்டுத்துவக்கு, குதிரையோடு பிணைத்த நூலை எது இடறினும் வெடிக்கும். பன்றிக்கு வைத்தது மாட்டையும் விறகெடுக்கப் போனவனின் காலையும் யானைக்கன்றையும் பதம்பார்த்தது. சட்டம் அதனைக் கண்டிப்பாகத் தடைசெய்கின்றது. துவக்கைக் கையில் ஏந்தி, இலக்கைக் கண்ணாற் கண்டு, வெடி வைப்பதா விடுவதா எனத் துணியும் மனிதன் அங்கே இல்லை என்பதே அதன் கொடுமை.

1983க்குப் பின்னர் நிகழ்ந்த போர்க்காலத்தில் இப்புலத்துக் குடிமக்கள் கையில் துவக்கு இருப்பது பயிருக்குக் காவலாவதற்கு முன் உயிருக்கே ஊறானது. அதே காலத்தில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவற்படையினருக்கு அரசே துவக்கு வழங்கியது. வேளாண்மைக் கருவியாக இருந்த ஒன்று முற்றாகவே படைக்கலமாகி, மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்கும் பொருளாயிற்று. சேனைகள் பல காடாகின. வாகரைப் பகுதி 2007 தைத் திங்களில் அரச படையிடம் வீழ்ந்து, கிழக்கில் போர் அவ்வாண்டிலேயே ஓய்ந்து, மக்கள் மீண்டு வயலைத் திருத்தியபோது, அவர்கள் இல்லாத காலத்தில் யானைகள் அந்நிலத்தைத் தம்முடையதாகக் கொண்டிருந்தன.

இன்று கிரான், வாகரைப் பக்கத்து வயல்வெளிகளில் இரவுக் காவலுக்குச் செல்வோர்க்கு வனசீவராசிகள் திணைக்களம் வழங்குவது யானைவெடி. குண்டு அதில் இல்லை. ஓசையும் ஒளியுமே உண்டு. தீமூட்டியும் இல்லை, குதிரையும் இல்லை. பரணில் இருப்பவன் ஒரு கையில் அதனைப் பிடித்து, மறு கையால் அதன் திரியில் நெருப்பு வைத்து எறிகின்றான். மார்கழி மழையில் திரி நனைந்துவிட்டால் அது வெடிப்பதில்லை.